ஸ்பெயின் ஒயின்: கடை அடுக்கின் முன்னால் நிற்கும் புதியவர் எதைப் பார்த்து எடுப்பது?

மஞ்சள்வெயில் எழுதியது:
வணக்கம். வேலை காரணமாக மாத்ரித்தில் இருக்கிறேன். இங்கே சூப்பர் மார்க்கெட்டில் ஒயினுக்கென்று ஒரு சுவர் முழுக்க அடுக்கி வைத்திருக்கிறார்கள். ரியோஹா, ரிபேரா என்று ஊர்ப் பெயர். க்ரியான்ஸா, ரெசெர்வா என்று இன்னொரு பெயர். சிலவற்றில் திராட்சையின் பெயர் இருக்கிறது, பலவற்றில் அதுவும் இல்லை. க்ரியான்ஸா 5 யூரோவுக்கும் கிடைக்கிறது, 14 யூரோவுக்கும் கிடைக்கிறது. ஒரு பாட்டிலுக்கு 5 முதல் 15 யூரோ வரை செலவு செய்யலாம் என்று நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது? ரெசெர்வா என்று போட்டிருந்தால் யோசிக்காமல் எடுத்துவிடலாமா?

பீப்பாய் எழுதியது:
முதலில் பாட்டிலைத் திருப்புங்கள். ரியோஹாவாக இருந்தால் பின்பக்கம் கட்டுப்பாட்டுக் குழுவின் சின்ன முத்திரைச் சீட்டு எண்ணோடு ஒட்டியிருக்கும். அதன் நிறமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். பச்சை என்றால் எத்தனை காலம் ஊறியது என்பதற்கு நிபந்தனை இல்லாதது. சிவப்பு க்ரியான்ஸா. கருஞ்சிவப்பு ரெசெர்வா. நீலம் கிரான் ரெசெர்வா.

செந்நிற ஒயினுக்கு ரியோஹாவின் விதி இது. க்ரியான்ஸா குறைந்தது 2 ஆண்டு முதிர்ந்திருக்க வேண்டும், அதில் 1 ஆண்டாவது 225 லிட்டர் ஓக் பீப்பாயில். ரெசெர்வாவுக்கு 3 ஆண்டு, அதில் 1 ஆண்டு பீப்பாயிலும் 6 மாதம் பாட்டிலிலும். கிரான் ரெசெர்வாவுக்கு 5 ஆண்டு, அதில் 2 ஆண்டு பீப்பாயிலும் 2 ஆண்டு பாட்டிலிலும். உலகத்தில் பெரும்பாலான ஊர்களில் நல்ல செந்நிற ஒயினை வாங்கி நாம்தான் வீட்டில் பூட்டி வைத்துக் காத்திருக்க வேண்டும். ரியோஹாவில் அந்தக் காத்திருப்பை ஒயின் ஆலையே செய்து முடித்து, குடிக்கத் தயாரான நிலையில் கடைக்கு அனுப்புகிறது. 12 யூரோவுக்கு அப்படியொன்று கிடைப்பது பெரிய விஷயம். அதனால் தொடங்குகிறவருக்கு ரியோஹா ரெசெர்வாவைத்தான் சொல்வேன்.

5 யூரோவுக்கும் 14 யூரோவுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டீர்கள். ஒரு புதிய ஃபிரெஞ்சு ஓக் பீப்பாய் 800 யூரோவுக்குக் குறையாது. 225 லிட்டர் என்றால் 300 பாட்டில். பீப்பாய்ச் செலவு மட்டுமே பாட்டிலுக்கு இரண்டரை யூரோவைத் தாண்டிவிடுகிறது. ஆகவே 5 யூரோ க்ரியான்ஸா பல தடவை பயன்பட்ட பழைய பீப்பாயில்தான் இருந்திருக்கும். விதிப்படி அதுவும் க்ரியான்ஸாதான். அமெரிக்க ஓக் இதைவிட விலை குறைவு. வெனிலா, தேங்காய் மணம் தூக்கலாகத் தெரிந்தால் அது அமெரிக்க ஓக். பழைய ரியோஹா ஆலைகளின் அடையாளமே அந்த மணம்தான்.

கொடிமுந்திரி எழுதியது:
பீப்பாய் அண்ணா சொன்ன விதிகள் எல்லாம் சரி. முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. அந்தச் சீட்டு காலத்தை அளக்கிறது, தரத்தை அளக்கவில்லை. மெலிந்த திராட்சையை 5 ஆண்டு ஊறவைத்தாலும் முத்திரை கிடைத்துவிடும். புதியவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, ரியோஹாவின் விதி நாடு முழுவதற்குமான விதி அல்ல. நாட்டின் பொது விதிப்படி க்ரியான்ஸாவுக்கு 24 மாதத்தில் 6 மாதம் பீப்பாய் போதும், ரெசெர்வாவுக்கு 36 மாதத்தில் 12, கிரான் ரெசெர்வாவுக்கு 60 மாதத்தில் 18. தெற்கே வெப்பமான சமவெளிகளிலிருந்து 6 யூரோவுக்கு ஒரு கிரான் ரெசெர்வா வரும். பெயர் பெரியது. ஆனால் பழச்சுவை வற்றிப்போய், மரத்தூள் வாடையும் கசப்பும் மட்டும் மிஞ்சியிருக்க வாய்ப்பு அதிகம். அதே 6 யூரோவுக்கு அதே ஊரில் பீப்பாயே பார்க்காத இளம் ஒயினை எடுத்தால் பழம் அப்படியே இருக்கும்.

இரண்டாவது, பச்சைச் சீட்டை மட்டம் என்று நினைக்காதீர்கள். 4 யூரோ இளம் ஒயினிலும் பச்சைதான், 40 யூரோ ஒயினிலும் பச்சைதான். காலக்கணக்குக்குள் அடங்க விரும்பாத தயாரிப்பாளர்கள் பலர் தங்களுடைய சிறந்த ஒயினையே பச்சையில் விடுகிறார்கள். 2017இல் ரியோஹாவில் ஒற்றைத் தோட்ட ஒயினுக்கு என்று தனி வகையே கொண்டுவந்தார்கள். கொடிக்குக் குறைந்தது 35 வயது, ஹெக்டேருக்கு 5,000 கிலோவுக்கு மேல் செந்நிறத் திராட்சை கூடாது, கையால்தான் பறிக்க வேண்டும். காலத்தைப் பற்றி அல்ல, மண்ணையும் கொடியையும் பற்றிய விதி அது.

என் யோசனை: முதலில் திராட்சையும் ஊரும், பிறகு தயாரிப்பாளர், அதற்குப் பிறகுதான் க்ரியான்ஸாவா ரெசெர்வாவா என்பது.

மஞ்சள்வெயில்:
திராட்சையின் பெயரே போடாத பாட்டிலில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

கொடிமுந்திரி:
ஊர்ப் பெயரை வைத்துத்தான். கொஞ்சம் மனப்பாடம் செய்ய வேண்டும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

ரியோஹா என்றால் பெரும்பாலும் தெம்ப்ரானீயோ, கூடக் கொஞ்சம் கர்னாச்சா, க்ராஸியானோ. மிதமான கனம், செர்ரி, பதனிட்ட தோல் வாடை, நல்ல புளிப்பு. ரிபேரா தெல் துவேரோவிலும் தெம்ப்ரானீயோதான், அங்கே தின்தோ ஃபினோ என்பார்கள். ஆனால் தோட்டங்கள் 700 முதல் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. பகலில் கொளுத்தும், இரவில் குளிரும். திராட்சையின் தோல் தடித்து, நிறமும் துவர்ப்பும் ஏறிவிடும். அதனால் ரிபேரா கனமானது, கருப்பானது. அங்கே ரோப்ளே என்று ஒரு வகை உண்டு, சில மாதங்கள் மட்டும் பீப்பாயில் இருந்தது, 7 முதல் 9 யூரோ. ரிபேராவை அறிய அது போதும். தோரோ என்ற ஊரின் ஒயின் இன்னும் முரடு. முதல் மாதத்தில் அதைத் தொட வேண்டாம்.

கர்னாச்சாவுக்கு அரகோன் பக்கம் போங்கள்: காம்போ தெ போர்ஹா, கலதாயுத், கரின்யேனா. பழைய கொடிகள் நிறைய, விலை இன்னும் ஏறவில்லை. 6, 7 யூரோவுக்கு ஸ்ட்ராபெரியும் மிளகும் மணக்கிற ஒயின் கிடைக்கும். ஸ்பெயினில் கொடுத்த காசுக்கு அதிகம் தருகிற இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பிரியொராத்திலும் கர்னாச்சாதான். ஆனால் கருப்புப் பலகைக்கல் சரிவில் கொடிக்குக் கிடைக்கிற விளைச்சல் மிகக் குறைவு. உங்கள் பட்ஜெட்டுக்குள் நல்ல பிரியொராத் கிடைப்பது கடினம். அதைச் சுற்றியிருக்கிற மொன்சாந்த் பகுதியைப் பாருங்கள்.

மொனாஸ்த்ரெல் திராட்சை ஹுமீயா, யெக்லா பக்கம். கருப்பு நிறம், பழுத்த பிளம், ஆல்கஹால் அதிகம், 14.5 சதவீதம்கூட இருக்கும். மென்சியா பியேர்ஸோவில். லேசானது, மலர் மணம். ஓக் பிடிக்காதவர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான்.

பீப்பாய்:
ரியோஹாவிலேயே அலவேஸாப் பகுதியின் இளம் ஒயினையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குலையோடு முழுத் திராட்சையைத் தொட்டியில் போட்டு, தோலுக்குள்ளேயே நொதிக்கவிடுகிற பழைய முறை. வாயில் போட்டால் பழமிட்டாய் மாதிரி மணக்கும், துவர்ப்பு இருக்காது. 5 யூரோ. அறுவடை முடிந்து ஒரு வருடத்துக்குள் குடித்துவிட வேண்டும்.

இதிலிருந்து ஒரு பொது விதி: இளம் ஒயினில் அறுவடை ஆண்டாக இந்த ஆண்டோ சென்ற ஆண்டோ போட்டிருக்க வேண்டும். 4 ஆண்டு பழைய இளம் ஒயின் தள்ளுபடியில் கிடந்தால் விட்டுவிடுங்கள். க்ரியான்ஸா 3 முதல் 6 ஆண்டு, ரெசெர்வா 4 முதல் 10 ஆண்டு வரை தைரியமாக எடுக்கலாம். கொடிமுந்திரி சொன்னதில் 6 யூரோ கிரான் ரெசெர்வா பற்றியதை ஒப்புக்கொள்கிறேன். ரெசெர்வா 10 யூரோவுக்குக் கீழே இருந்தால் அந்த முத்திரைக்கு அர்த்தம் குறைந்துவிடுகிறது. 10க்கு மேலே, அதுவும் ரியோஹாவில், என் பேச்சு மாறாது.

இன்னொன்று. பழைய கொடி, தேர்ந்தெடுத்தது, தயாரிப்பாளரின் சிறப்பு என்றெல்லாம் முன்பக்கம் எழுதியிருப்பதற்கு நாடு முழுவதற்குமான சட்ட வரையறை இல்லை. பாட்டிலைச் சுற்றிய தங்கக் கம்பி வலையும் அப்படித்தான். ஒரு காலத்தில் பாட்டிலைத் திறந்து மட்டமான ஒயினை ஊற்றி மூடாமலிருக்கப் போட்டது. இன்று வெறும் அலங்காரம்.

வடமராட்சியான் எழுதியது:
நல்லாப் போகுது இழை. எனக்கொரு சந்தேகம். காவா, அதான் இங்கத்தை நுரை ஒயின், அதிலை செக்கோ எண்டு போட்ட போத்தல் இருக்கு. சாதாரண வெள்ளை ஒயினிலை செக்கோ எண்டால் இனிப்பில்லாதது தானே? காவாவிலை அது இனிக்குதே, ஏன்? அதோடை ஷெரி எண்டால் எல்லாமே இனிப்பு எண்டு எங்கடை ஆக்கள் ஒதுக்கி வைக்கினம். அதைப் பற்றியும் ஆராவது எழுதுங்கோ.

உப்புக்காற்று எழுதியது:
தம்பி, கணக்கு வேறு. நுரை ஒயினுக்கு ஐரோப்பா முழுக்க ஒரே சர்க்கரை அளவுகோல். லிட்டருக்கு 3 கிராம் வரை, சர்க்கரை சேர்க்காதது ப்ரூட் நேச்சர். 6 கிராம் வரை எக்ஸ்ட்ரா ப்ரூட். 12க்குக் கீழே ப்ரூட். 12 முதல் 17 வரை எக்ஸ்ட்ரா செக்கோ. 17 முதல் 32 வரை செக்கோ. அதற்கு மேலே 50 வரை செமி செக்கோ, பிறகு துல்செ. நுரையின் புளிப்பு சர்க்கரையை மறைக்கும் என்பதால் இந்த எல்லைகள் இவ்வளவு மேலே இருக்கின்றன. இனிப்பே வேண்டாமென்றால் ப்ரூட் நேச்சர் எடுங்கள்.

காவாவுக்குப் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் நொதிப்பு நடக்கிறது, ஷாம்பெய்னுக்கு நடப்பது போல. ஈஸ்ட் வண்டலோடு குறைந்தது 9 மாதம் கிடக்க வேண்டும். ரெசெர்வாவுக்கு 18, கிரான் ரெசெர்வாவுக்கு 30 மாதம். மேலே நடந்த சண்டையில் நான் கொடிமுந்திரி பக்கம்தான். ஆனால் காவாவில் மட்டும் காலம் நேரடியாகச் சுவையாக மாறுகிறது. 9 மாதம் கிடந்ததில் ஆப்பிளும் எலுமிச்சையும்தான் தெரியும். 30 மாதம் கிடந்ததில் வறுத்த பாதாம், ரொட்டி மேலோடு மாதிரி மணம் ஏறியிருக்கும், நுரை பொடியாகிவிடும். 12 முதல் 15 யூரோவுக்கு கிரான் ரெசெர்வா காவா கிடைக்கும்போது வேறெந்த நுரை ஒயினுக்கும் அந்தப் பணத்தைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

திறக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில்தான் பாதி ஒயினைத் தரைக்குக் கொடுக்கிறார்கள். பாட்டிலுக்குள் 5, 6 வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. வெப்பமாக இருந்தால் பொங்கும். 6 முதல் 8 டிகிரிக்குக் குளிரவையுங்கள். வாளியில் பனிக்கட்டி மட்டும் போட்டால் மெதுவாகத்தான் குளிரும். பாதி தண்ணீர், பாதி பனிக்கட்டி, ஒரு கைப்பிடி உப்பு, 20 நிமிடம். கட்டைவிரலைக் கார்க்கின் மேல் வைத்துக்கொண்டே கம்பிக் கூண்டின் முறுக்கை 6 அரைச்சுற்று அவிழுங்கள். கூண்டைக் கழற்ற வேண்டாம், கார்க்கோடு சேர்த்துப் பிடியுங்கள். பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, கார்க்கை அசையாமல் வைத்து, பாட்டிலை மெல்லத் திருப்புங்கள். கார்க் மேலே தள்ளும்போது அதை உள்ளே அழுத்தி எதிர்த்துப் பிடிக்க வேண்டும். உஸ் என்று ஒரு சத்தம் வந்தால் போதும், வெடிக்கக் கூடாது.

உப்புக்காற்று:
ஷெரி தனிப் பதிவாக.

தெற்கே ஹெரேஸ் பகுதியில் விளைகிற பலோமீனோ என்ற வெள்ளைத் திராட்சைதான் ஷெரிக்கு அடிப்படை. அதில் ஃபினோ, மன்சனீயா என்ற இரண்டு வகையும் சொட்டு இனிப்பு இல்லாதவை. பீப்பாயை முழுக்க நிரப்பாமல் கொஞ்சம் காற்றிடம் விடுவார்கள். அங்கே ஒயினின் மேல் ஈஸ்ட் ஒரு வெள்ளைப் படலமாக வளரும். அந்தப் படலம் காற்றைத் தடுக்கிறது, மிச்சச் சர்க்கரையையும் கிளிசரினையும் தின்றுவிடுகிறது. ஃபினோ வெளிறிப்போய், எலும்பாகக் காய்ந்து, உப்புக் கரிப்பது அதனால்தான். ஆல்கஹால் 15 சதவீதம். சாராயம் சேர்த்து அதை 17க்கு மேலே ஏற்றினால் படலம் செத்துவிடும், ஒயின் காற்றோடு பழகிப் பழுப்பாகும். அதுதான் ஓலொரோசோ. படலத்தின் கீழே தொடங்கி, பிறகு காற்றில் முதிர்ந்தது அமொந்தியாதோ. இவையும் இனிப்பற்றவை. இனிப்பு வருவது மீடியம், க்ரீம் என்று எழுதியவற்றில். பேத்ரோ ஹிமேனெஸ் என்ற திராட்சையில் செய்த ஷெரி முழு இனிப்பு, லிட்டருக்கு 212 கிராமுக்குமேல் சர்க்கரை. அது வனிலா ஐஸ்க்ரீமின் மேல் ஊற்றிச் சாப்பிடுவது.

ஃபினோவில் தவறு நடப்பது இரண்டு இடத்தில். ஒன்று, கடையில் தூசி படிந்து இரண்டு ஆண்டு நின்ற பாட்டில். ஃபினோ முதிராது, மங்கும். ஆட்கள் நிறைய வாங்குகிற கடையில் வாங்குங்கள், அரைப் பாட்டில் 375 மில்லி கிடைத்தால் அதை எடுங்கள். இரண்டு, திறந்த பாட்டிலை அலமாரியில் மாதக்கணக்கில் வைப்பது. ஃபினோவை வெள்ளை ஒயினாகவே நடத்துங்கள்: 7 முதல் 9 டிகிரி, குளிர்பெட்டி, ஒரு வாரத்துக்குள் காலி. ஓலொரோசோ திறந்தபின் ஒன்றிரண்டு மாதம் தாங்கும், அது ஏற்கெனவே காற்றில் வாழ்ந்தது.

வெள்ளை ஒயின் வேண்டுமென்றால் ரீயாஸ் பைஷாஸின் அல்பரீனியோ, 10 முதல் 14 யூரோ: கலீசியாவின் மழை, கிரானைட் மண், அதனால் நல்ல புளிப்பும் கொஞ்சம் உப்பும். ருவேதாவின் வெர்தேஹோ 5 முதல் 8: மூலிகை மணம், ஓரத்தில் சின்னக் கசப்பு. பாட்டிலில் ருவேதா வெர்தேஹோ என்று இரண்டு பெயரும் இருந்தால் 85 சதவீதமாவது வெர்தேஹோ. கோதேயோ இரண்டையும்விடக் கனமானது, வால்தெயோராஸ் பகுதி.

மஞ்சள்வெயில்:
அக்கா, மிக்க நன்றி. மீன் வறுவல், காரக் குழம்பு இதோடெல்லாம் எது ஒத்துவரும்? இங்கே வந்த பிறகும் வீட்டில் சமையல் நம் சமையல்தான்.

உப்புக்காற்று:
மீன் வறுவலுக்கு ஃபினோ அல்லது மன்சனீயா. காதிஸ் கடற்கரையில் பொரித்த மீனோடு அதைத்தான் குடிக்கிறார்கள், காரணமும் அதேதான்: எண்ணெய்ப் பசையை அறுக்கும், உப்போடு உப்பு சேரும்.

காரக் குழம்புக்கு ரெசெர்வாவைத் திறக்காதீர்கள். ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும், ஓக்கின் துவர்ப்பு அந்த எரிச்சலின் மேல் கசப்பாக உட்காரும். 14.5 சதவீத மொனாஸ்த்ரெல் இன்னும் மோசம். புளி விட்ட குழம்பில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒயினின் புளிப்பு உணவின் புளிப்பைவிடக் குறைந்தால் ஒயின் தண்ணீராகத் தெரியும். அதனால் புளிப்பு நிறைந்த, ஆல்கஹால் குறைந்த, ஓக் இல்லாதவை: அல்பரீனியோ, நவார்ராவின் கர்னாச்சா ரோஸாதோ, அதாவது இளஞ்சிவப்பு ஒயின். காரம் அதிகமென்றால் செமி செக்கோ காவாவின் அந்த இனிப்பே உதவிக்கு வரும். ஆட்டுக்கறி வறுவல், மிளகுதான் காரமென்றால் மென்சியாவைக் கொஞ்சம் குளிரவைத்துக் குடிக்கலாம்.

கொடிமுந்திரி:
வெப்பநிலை என்று வந்ததால் இதையும் சேர்க்கிறேன். செந்நிற ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்ற பேச்சு மாத்ரித் கோடையில் செல்லாது. 28 டிகிரியில் ரியோஹாவை ஊற்றினால் மூக்கில் ஆல்கஹால்தான் ஏறும், பழம் ஜாம் மாதிரி ஆகிவிடும். க்ரியான்ஸாவும் ரெசெர்வாவும் 16 முதல் 18. இளம் ஒயினும் மென்சியாவும் 13 முதல் 15. கோடையில் க்ரியான்ஸாவைக் குளிர்பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்து எடுங்கள். அதிகம் குளிர்ந்துவிட்டால் பரவாயில்லை, கிண்ணத்தில் தானாக ஏறிவிடும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம்.

கெட்டுப்போனதை அடையாளம் காண: நனைந்த அட்டைப்பெட்டி, ஈரச் சுவர் வாடை, பழ மணமே இல்லை என்றால் கார்க் கோளாறு. கார்க் பாட்டிலின் வாயைத் தாண்டி மேலே துருத்திக்கொண்டிருந்தால் எங்கோ வெயிலில் கிடந்தது, கடையிலேயே விட்டுவிடுங்கள். அடியில் வண்டல் இருப்பது கோளாறு அல்ல. ரெசெர்வாவை முந்தைய நாளே நிமிர்த்தி வைத்து, கடைசி இரண்டு விரல் அளவை ஊற்றாமல் விட்டால் போதும். ஓட்டலில் கார்க் கோளாறு தெரிந்தால் தயங்காமல் சொல்லுங்கள். சாபே அ கோர்ச்சோ (கார்க் சுவை அடிக்கிறது) என்றால் மாற்றித் தருவார்கள், அது இங்கே வழக்கமான ஒன்று.

பாரில் சும்மா ஒரு ரியோஹா என்று கேட்டால் இளம் ஒயின்கூட வரலாம். க்ரியான்ஸா வேண்டுமென்றால் அதைச் சொல்லியே கேளுங்கள். கோடையில் செந்நிற ஒயினில் கசேயோசா என்ற இனிப்புச் சோடாவை ஊற்றிப் பனிக்கட்டி போட்டுத் தின்தோ தெ வெரானோ என்று தருவார்கள். அதற்கு மலிவான ஒயின்தான் சரி.

மஞ்சள்வெயில்:
அப்படியானால் முதல் தடவைக்கு இப்படி வாங்கலாமா: ரியோஹா க்ரியான்ஸா, ரிபேரா ரோப்ளே, கரின்யேனா கர்னாச்சா, அல்பரீனியோ, ப்ரூட் நேச்சர் காவா. 45 யூரோவுக்குள் வரும் போலிருக்கிறது.

பீப்பாய்:
நல்ல பட்டியல். ஒரு சின்ன மாற்றம் சொல்வேன். ஒரே ஆலையின் இளம் ஒயின், க்ரியான்ஸா, ரெசெர்வா மூன்றையும் வாங்கி ஒரே மாலையில் வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றிலும் 60 மில்லி, ஒரே மாதிரி மூன்று கண்ணாடிக் கிண்ணம், வெள்ளைக் காகிதத்தின் மேல். நிறம் ஊதாச் சிவப்பிலிருந்து செங்கல் நிறத்துக்கு நகர்வது ஓரத்தில் தெரியும். முதலில் மணம் மட்டும், மூன்றையும். பிறகு இளம் ஒயினிலிருந்து ரெசெர்வா நோக்கிக் குடியுங்கள், திரும்ப வராதீர்கள். ஓக் என்றால் என்ன, காலம் என்றால் என்ன என்று நானும் கொடிமுந்திரியும் எழுதுவதைவிட அந்த மூன்று கிண்ணம் தெளிவாகச் சொல்லும். ரெசெர்வா உங்களுக்குப் பிடிக்காமல் போனால் அதுவும் ஒரு பதில்தான், கர்னாச்சா பக்கம் போய்விடலாம்.

கொடிமுந்திரி:
இதில் எனக்கும் பீப்பாய் அண்ணாவுக்கும் சண்டை இல்லை. மூன்று பாட்டிலும் ஒரே நாளில் தீராது, மிச்சத்தை என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். கார்க்கை மூடிச் செந்நிறத்தையும் குளிர்பெட்டியிலேயே, நிமிர்த்தி வையுங்கள். காற்று படும் பரப்பு குறையும். அரைப் பாட்டில் காலிக் குப்பி இருந்தால் அதில் வாய்வரை நிரப்பி மூடினால் இன்னும் நல்லது. இளம் ஒயின் 3 நாள், க்ரியான்ஸா 3, 4 நாள் தாங்கும். ரெசெர்வாவை இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள், முதிர்ந்த ஒயின் காற்றில் சீக்கிரம் சோர்ந்துவிடும். காவாவுக்கு மட்டும் தனி மூடி வேண்டும், பாட்டிலின் கழுத்தைக் கவ்விப் பிடிப்பது, கடையில் 4, 5 யூரோவுக்குக் கிடைக்கும். கழுத்தில் கரண்டியைச் செருகி வைத்தால் நுரை நிற்கும் என்று சொல்வதை நம்ப வேண்டாம்.